சீலிங் ஒழுகுதுன்னு ஓனர்கிட்ட எப்படிச் சொல்றது? வாடகை வீட்டு அவசர ரிப்பேரும் அதுக்குப் பின்னாடி இருக்குற சட்டமும்

போன வருஷம் ஐப்பசி அடைமழையில எங்க வாடகை வீட்டு பெட்ரூம் சீலிங்ல இருந்து தோசைக்கல் அளவுக்கு ஒரு காங்கிரீட் துண்டு பெயர்ந்து கட்டில் மேல விழுந்துச்சு. காலைல பதினோரு மணி இருக்கும், பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருந்தா, விழுந்த இடம் அவ தலை வச்சுப் படுக்குற பக்கம். தலகாணி பூரா சிமெண்ட் தூளும் ஜல்லியும், அண்ணாந்து பார்த்தா துரு ஏறின கம்பி ரெண்டு வெளிய தெரியுது. கை நடுங்கிக்கிட்டே ஓனருக்கு போன் போட்டேன், அவர் கோயம்புத்தூர்ல இருக்கார், வீடு சென்னைல. விஷயத்தைச் சொன்னதும் அவர் உண்மையாவே பதறிப் போய்ட்டார், "ஏன் தம்பி, இவ்வளவு மோசமா இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே"ன்னு கேட்டார். எனக்குக் கோவம்னா அப்படி ஒரு கோவம், மூணு தடவை சொல்லியிருக்கேனே, எப்படி சொல்லவே இல்லைன்னு சொல்லலாம்னு.

அன்னைக்கு ராத்திரி ஹால்ல பாய் போட்டு மூணு பேரும் படுத்திருக்கும்போதுதான் நான் என்ன சொன்னேன்னு வார்த்தைக்கு வார்த்தை யோசிச்சுப் பார்த்தேன். "சார், பெட்ரூம்ல லைட்டா ஒழுகுற மாதிரி இருக்கு, உங்களுக்கு டைம் கிடைக்கும்போது பாருங்க சார்." ஆடி மாசம் ஒரு தடவை, ஆவணில ஒரு தடவை, அப்புறம் வாடகை அனுப்பின அன்னைக்கு ஒரு தடவை, மூணும் போன்ல, மூணுலயும் அந்த "லைட்டா" இருந்துச்சு. 500 கிலோமீட்டர் தள்ளி உக்காந்திருக்குற மனுஷனுக்கு அந்த வார்த்தைதான் வீடு, அவர் கண்ணுக்கு வேற எதுவும் தெரியாது. அவர் மேல தப்பே இல்லைன்னு சொல்ல வரல, ஒரு தடவை ஆள் அனுப்பிப் பார்த்திருக்கலாம். ஆனா வீட்டுக்குள்ள இருக்குற ஆபத்து நமக்கு மட்டும்தான் தெரியும், அது ஓனருக்குத் தெரியுற மாதிரி, தேதியோட, எழுத்துல போய்ச் சேர்ந்தா மட்டும்தான் அதுக்கப்புறம் இருக்குற எல்லா வழியும் திறக்குது, சட்ட வழி உட்பட. இதைத்தான் கொஞ்சம் விரிவா எழுதணும்னு உக்காந்திருக்கேன்.

முதல்ல எது அவசரம்ங்கிறதே நம்ம வீடுகள்ல சரியா பிடிபடுறது இல்ல. சத்தம் போடுற பிரச்சனையை அவசரம்னு நினைக்குறோம், சத்தமே இல்லாம வளர்ற பிரச்சனையோட வருஷக்கணக்குல குடித்தனம் பண்றோம். சீலிங்கை எடுத்துக்குங்க. மாடி தண்ணியோ மேல் வீட்டு பாத்ரூம் தண்ணியோ காங்கிரீட்டுக்குள்ள இறங்கி கம்பியைத் தொட்டதும் கம்பி துருப்பிடிக்க ஆரம்பிக்குது, துருவுக்கு இரும்பை விட ரொம்ப அதிகமா இடம் வேணும், அதனால அது உள்ளேருந்தே கீழ்ப்பக்கக் காங்கிரீட்டை நெம்பித் தள்ளுது. விழுறதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே அடையாளம் காட்டும், காபி கலர்ல கறை, கம்பி ஓடுற நேர்கோட்டுலயே ஒரு விரிசல், ஒட்டடைக் குச்சியால மெதுவா தட்டினா மத்த இடத்துல கிண்ணுனு வர்ற சத்தம் அங்க மட்டும் பொத்து பொத்துனு வரும். பொத்துன்னு கேட்டா அதுக்குக் கீழ யாரும் படுக்கக் கூடாது, கட்டிலை அன்னைக்கே நகர்த்திடணும். இதுல பல இடத்துல நடக்குறது என்னன்னா பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சு மூடிடுவாங்க, கறை கண்ணுக்கு மறைஞ்சுடும், உள்ள துரு பாட்டுக்கு வளரும். எங்க வீட்லயும் நாங்க குடி வர்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல அப்படி மூடியிருக்காங்கன்னு பெயர்ந்து விழுந்த துண்டைப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, அடுக்கடுக்கா மூணு கலர் பெயிண்ட்.

இன்னொன்னு கரண்ட். "குழாயைத் தொட்டா லேசா சுர்ருங்குது"ன்னு சொல்லிக்கிட்டே ஆறு மாசம் குளிக்குற குடும்பங்கள் எனக்குத் தெரியும், செருப்புப் போட்டுக்கிட்டு குளிக்கப் பழகிக்கிறாங்க, அதை நினைச்சாலே வயித்தைப் பிசையுது. கீசருக்குள்ள இருக்குற ஹீட்டர் காயில்ல வெடிப்பு விட்டா கரண்ட் தண்ணிக்கு வருது, தண்ணில இருந்து குழாய்க்கு வருது. எர்த் சரியா இருந்தா அது பூமிக்குப் போய்டும், பழைய வீடுகள்ல எர்த் குழியே காஞ்சு போய்க் கிடக்கும், இல்லன்னா எர்த் ஒயரை எவனோ எப்பவோ கழட்டி விட்டிருப்பான். எம்சிபி, அதாவது லோடு கூடினா தானா விழுற சுவிட்ச் இருக்கே, அது விழுந்துடும்னு நிறைய பேர் நம்புறாங்க. எம்சிபி ஒயரைக் காப்பாத்துறதுக்கு, பல ஆம்பியர் அளவுக்கு லோடு எகிறினாதான் விழும், மனுஷ உடம்பு வழியா சில பத்து மில்லி ஆம்பியர் ஓடினா அதுக்குத் தெரியவே தெரியாது, ஆனா ஒரு உயிர் போக அந்த அளவே போதும். 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கட் பண்ற ஆர்சிசிபின்னு ஒரு சாதனம் தனியா இருக்கு, மீட்டர் போர்டு பக்கத்துல டெஸ்ட்னு ஒரு குட்டி பட்டனோட இருக்கும், அது இல்லாத வாடகை வீடு இன்னும் ஏகப்பட்டது இருக்கு. அதனால குழாய்ல சுர்ருன்னா கீசரை ஆஃப் பண்ணி, மெயினையும் இறக்கிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அதே மணி நேரத்துல ஓனருக்கும் தகவல் போகணும், நாளைக்குப் பார்க்கலாம்ங்கிற பேச்சே கூடாது.

தண்ணி வராம போறது, கக்கூஸ் அடைச்சு எதிர்த்து வர்றது, வாசக்கதவு பூட்டு உடைஞ்சு பூட்ட முடியாம போறது, இதெல்லாமும் அன்னைக்கே சொல்ல வேண்டியது, விளக்கம் தேவையில்ல. செப்டிக் டேங்க் விஷயத்துல மட்டும் ஒண்ணு சொல்லியே ஆகணும். டேங்க் நிரம்பிடுச்சுன்னா சில பேர் செலவு கம்மின்னு ஆள் இறக்கிச் சுத்தம் பண்ணிடலாம்னு பேசுவாங்க, ஓனரும் பேசுவார், பக்கத்து வீட்டுக்காரரும் பேசுவார். உள்ள இருக்குற விஷ வாயுவுக்கு ரெண்டு மூச்சு போதும், காப்பாத்தப் போனவங்களும் சேர்ந்து செத்த செய்தி நாம எத்தனை படிச்சிருக்கோம். பாதுகாப்பு இல்லாம ஆளை உள்ள இறக்குறது 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம், வேலைக்கு வச்சவருக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு, அதுல ஓனர் டெனன்ட்னு பேதம் கிடையாது. 14420க்கு அடிச்சா கழிவு உறிஞ்சுற லாரிக்கு ஏற்பாடு பண்ணலாம், மெசேஜ்லயே "லாரி வச்சு எடுக்கணும் சார்"னு எழுதிடுங்க.

சில பிரச்சனைல ஓனர் ரெண்டாவது போன்தான், முதல் போன் வேற இடத்துக்குப் போகணும். கேஸ் வாடை வந்தா 1906, எந்தக் கம்பெனி சிலிண்டரா இருந்தாலும் அந்த நம்பர்தான், எல்பிஜி காத்தை விட கனம், தரையோட தங்கும், அதனால கதவு ஜன்னலைத் திறந்து விட்டு, சுவிட்ச் எதையும் தொடாம வெளிய வந்துட்டுத்தான் போனே எடுக்கணும். மீட்டருக்கு வெளிய, போஸ்ட்ல இருந்து வர்ற ஒயர்ல தீப்பொறி பறந்தா மின்வாரியத்தோட புகார் மையமான மின்னகம் நம்பர் 94987 94987. தெருவுல சாக்கடை பொங்கி வீட்டுக்குள்ள வந்தா சென்னைல மெட்ரோ வாட்டர் 044 4567 4567, மழைத்தண்ணி தேங்கினா மாநகராட்சி 1913. மீட்டருக்கு உள்பக்கம், வீட்டுக் காம்பவுண்டுக்கு உள்பக்கம் வந்துட்டாதான் அது உங்களுக்கும் ஓனருக்கும் நடுவுல உள்ள விஷயம். இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, போஸ்ட்ல ஒயர் அறுந்ததுக்கு ஓனரை நாலு மணி நேரம் திட்டிக்கிட்டு இருந்தா நாலு மணி நேரம் போனதுதான் மிச்சம்.

இப்ப சட்டத்துக்கு வரேன். தமிழ்நாட்டுல 1960ல வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், சொத்து உரிமையாளர் வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் பத்தின 2017ஆம் வருஷத்துச் சட்டம் 2019 பிப்ரவரி 22ல இருந்து நடைமுறைல இருக்கு. எந்த ரிப்பேர் யாரோடதுன்னு அதோட ரெண்டாவது அட்டவணைல பட்டியலே போட்டிருக்காங்க, பெரும்பாலான வீட்ல ரெண்டு தரப்புமே அதைப் பார்த்தது இல்ல. கட்டடத்தோட அமைப்பு சார்ந்த ரிப்பேர், வெள்ளையடிக்குறது, கதவு ஜன்னல் பெயிண்ட், தண்ணிக் குழாய் லைன் மாத்துறது, உள்ளயும் வெளியவும் ஓடுற ஒயரிங், இதெல்லாம் ஓனர் தலைல. டேப், டேப் வாஷர், சிங்க், வாஷ் பேசின், கக்கூஸ் பேசின் ரிப்பேர், டிரெயின் அடைப்பு எடுக்குறது, கீசர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசு வலை, இதெல்லாம் குடியிருக்குறவங்க தலைல. படிச்சதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு, இத்தனை நம்ம பக்கமான்னு. ஆனா அக்ரிமெண்ட்ல வேற மாதிரி எழுதியிருந்தா அந்த எழுத்துதான் செல்லும், அதனால கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ரிப்பேர் பத்தின பாராவை ரெண்டு தடவை படிங்க, "சிறிய பெரிய ரிப்பேர் யாவும் வாடகைதாரரைச் சேர்ந்தது"ன்னு ஒரு வரி பாண்ட் பேப்பர் டைப் அடிக்குறவர்கிட்ட ரெடிமேடா கிடக்கும், பெயர் மட்டும் மாத்தி அடிச்சுக் கொடுத்துடுவார். அந்த "பெரிய"ங்கிற வார்த்தையை மட்டும் எடுக்கச் சொன்னாலே போதும், முக்கால்வாசி ஓனர்கள் ஒத்துக்குவாங்க.

இந்தப் பட்டியல்ல ஒரு நுணுக்கம் இருக்கு. குழாய்ல ஷாக் அடிச்சா அது கீசரால வந்ததுன்னா உங்க செலவு, ஒயரிங்கால வந்ததுன்னா ஓனர் செலவு. அடைப்பு உங்க வீட்டு பாத்ரூம் ஜாலில முடி சிக்கினதுன்னா நீங்க, சுவத்துக்குள்ள போற பைப்பே உடைஞ்சிருந்தா அவர். பிரச்சனை வெளிய தெரியுற விதம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், காரணம்தான் வேற. அதனால வேலைக்கு வர்ற பிளம்பர் அண்ணன்கிட்டயோ எலக்ட்ரீஷியன்கிட்டயோ "அண்ணே, என்ன காரணம்னு பில்லுல ஒரு வரி எழுதிக் கொடுங்கண்ணே"ன்னு கேட்டு வாங்குங்க, பில் புக் இல்லன்னா உங்க போன்ல அவர் பேசுறதை முப்பது செகண்ட் வீடியோ எடுங்க, உடைஞ்ச பைப்பைக் கைல பிடிச்சுக்கிட்டு அவர் சொன்னா அதை விட தெளிவா நம்மால எழுத முடியாது.

சரி, ஓனர் தலைல இருக்குற வேலையை அவர் பண்ணவே இல்லன்னா? இங்கதான் எழுத்துல சொன்னதோட மதிப்பு தெரியும். அந்தச் சட்டத்தோட 15வது பிரிவுல வழி சொல்லியிருக்கு, ஓனர் பண்ண மறுத்தாலோ பண்ணாம விட்டாலோ நாமளே செஞ்சுட்டு வாடகைல கழிச்சுக்கலாம், ஆனா எந்த ஒரு மாசத்துலயும் அந்த மாச வாடகைல பாதிக்கு மேல கழிக்கக் கூடாது. உதாரணத்துக்கு வாடகை 14,000, குழாய் லைன் மாத்த 9,500 ஆச்சுன்னா இந்த மாசம் 7,000 கழிச்சு மீதி 7,000 அனுப்பணும், அடுத்த மாசம் பாக்கி 2,500ஐக் கழிச்சு 11,500 அனுப்பணும். வீடு குடியிருக்கவே லாயக்கில்லாத நிலைல இருந்து, எழுத்து மூலமா கேட்டும் ஓனர் சரி பண்ண மறுத்துட்டார்னா, 15 நாள் எழுத்துல நோட்டீஸ் கொடுத்துட்டுக் காலி பண்ற உரிமையும் உண்டு, மூணு மாச நோட்டீஸ்னு அக்ரிமெண்ட்ல இருக்கேன்னு பயந்துக்கிட்டு இடிஞ்சு விழுற கூரைக்குக் கீழ இருக்க வேண்டியதில்ல. இதுல பாருங்க, எழுத்துல கேட்டிருக்கணும்ங்கிறது சட்டத்துலயே வருது. வெள்ளைக்காரன் காலத்து 1882 சொத்து மாற்றுச் சட்டத்துல கூட, 108வது பிரிவுல, ஓனர் பண்ண வேண்டிய ரிப்பேரை நோட்டீஸ் கொடுத்து நியாயமான காலத்துக்குள்ள பண்ணலன்னா நாமளே பண்ணி வட்டியோட வாடகைல கழிச்சுக்கலாம்னு இருக்கு. அங்கயும் நோட்டீஸ் கொடுத்த நாள்ல இருந்துதான் கணக்கு. போன்ல மூணு தடவை சொன்ன எனக்குக் கைல ஒரு தேதியும் இல்ல.

லீஸ் வீட்ல இருக்குறவங்க இதுல ஒண்ணு கவனிக்கணும். அஞ்சு லட்சம் ஆறு லட்சம் மொத்தமா கொடுத்துட்டு மாச வாடகை இல்லாம இருக்குறவங்களுக்குக் கழிக்க வாடகையே கிடையாது, அவங்க பணம் பூரா ஓனர் கைல இருக்கு. அந்த மாதிரி வீட்டுக்குப் போகும்போதே "அவசர ரிப்பேருக்கு இத்தனை ரூபா வரைக்கும் நாங்க செஞ்சுட்டு பில் கொடுத்தா 15 நாளுக்குள்ள திருப்பித் தரணும்"னு அக்ரிமெண்ட்ல ஒரு வரி சேர்த்துடுறது நல்லது, அப்புறம் கேட்டு வாங்குறது பெரிய பாடு.

"நியாயமான காலம்"னு சட்டம் விட்டுடுச்சே, அது எத்தனை நாள்? யாரும் சொல்லல, அதனால நாமதான் மெசேஜ்ல கெடு எழுதணும். இங்கிலாந்துல இதுக்குன்னே ஒரு சட்டம் வந்திருக்கு, வந்த கதை கேட்டா மனசு ஆறாது. ராச்டேல்ங்கிற ஊர்ல ஒரு சின்ன ஃபிளாட், சுவரெல்லாம் ஈரம், பூஞ்சை. அவாப் இஷாக்னு ரெண்டு வயசுப் பையன், அந்தப் பூஞ்சையால மூச்சு நோய் வந்து 2020 டிசம்பர்ல செத்துப் போய்ட்டான். அவங்க அப்பா 2017லயே பூஞ்சை பிடிக்குதுன்னு சொல்லியிருக்கார், அதுக்கு மேல பெயிண்ட் அடிங்கன்னு பதில் வந்திருக்கு. பெயிண்ட் அடிச்சு மூடுங்கிற அந்தப் பதிலைப் படிச்சப்ப எங்க சீலிங்ல இருந்து விழுந்த துண்டுல பார்த்த மூணு கலர்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. இப்ப அந்தப் பையன் பேர்லயே அவாப் சட்டம்னு 2025 அக்டோபர் 27ல இருந்து அங்க கவுன்சில் மாதிரி அமைப்புகள் வாடகைக்கு விடுற சமூக வீடுகள்ல நடைமுறைக்கு வந்திருக்கு, உயிருக்கு ஆபத்தான பிரச்சனைன்னா தெரிஞ்ச 24 மணி நேரத்துக்குள்ள பாதுகாப்பாக்கணும், பெரிய அளவு ஈரம் பூஞ்சைன்னா பத்து வேலை நாளுக்குள்ள வந்து பார்க்கணும். லண்டன் பக்கம் கவுன்சில் வீட்ல இருக்குற நம்ம ஆளுங்க இதைத் தெரிஞ்சு வச்சுக்கணும். நம்ம ஊர்ல அப்படி ஒரு மணிக்கணக்கு கிடையாது, அதனால நான் எனக்கு நானே ஒரு அளவு வச்சிருக்கேன்: ஷாக், பெயர்ந்து விழுற சீலிங், பூட்ட முடியாத வாசக்கதவு இதெல்லாம் அன்னைக்கே, தண்ணியும் கக்கூஸும் மறுநாளுக்குள்ள, ஒழுகல் ஒரு வாரத்துக்குள்ள. அந்த அளவு ஓனருக்கும் நியாயமாப் படணும், தொட்டதுக்கெல்லாம் அவசரம்னு போட்டா நாலாவது தடவை அவர் மெசேஜைத் திறந்தே பார்க்க மாட்டார்.

சரி எப்படி எழுதணும்? சீலிங் விழுந்த அன்னைக்கு சாயங்காலம் நான் அனுப்பின மெசேஜை அப்படியே போடுறேன், ஓனர் பேரை மட்டும் எடுத்துட்டேன். "சார், வணக்கம். இன்னைக்குக் காலைல 11 மணிக்கு பெரிய பெட்ரூம்ல, ஜன்னல் பக்கம் சீலிங் காங்கிரீட் ஒரு அடிக்கு முக்கால் அடி பெயர்ந்து கட்டில் மேல விழுந்துடுச்சு. கம்பி வெளிய தெரியுது. சுத்தி ரெண்டு அடிக்குத் தட்டினா பொத்துன்னு கேக்குது, இன்னும் விழும் போல. யாருக்கும் அடி இல்ல. அந்த ரூமைப் பூட்டிட்டோம், ஃபேன் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டோம். ஒழுகல் பத்தி ஆடி மாசத்துல இருந்து போன்ல சொல்லியிருக்கேன். நாளைக்குள்ள ஒரு மேஸ்திரி வந்து பார்த்து, விழுற மாதிரி இருக்குறதைத் தட்டி இறக்கணும், மாடில தண்ணி நிக்குறதையும் பார்க்கணும். காலைல 8ல இருந்து 10 வரைக்கும், சாயங்காலம் 6க்கு மேல வீட்ல இருப்போம். நீங்க ஆள் அனுப்ப முடியலன்னா சொல்லுங்க, இங்க எனக்குத் தெரிஞ்ச மேஸ்திரியைக் கூப்பிட்டு எவ்வளவு ஆகும்னு கேட்டுச் சொல்றேன். போட்டோ மூணு, வீடியோ ஒண்ணு கீழ இருக்கு."

இதுல திட்டு இல்ல, கெஞ்சலும் இல்ல. அதுல நான் யோசிச்சுப் போட்ட விஷயம் ரெண்டு. ஒண்ணு, நாங்க என்ன பண்ணிட்டோம்ங்கிறது, ரூமைப் பூட்டினது, சுவிட்சை ஆஃப் பண்ணினது, ஏன்னா சேதம் பெருகாம பார்த்துக்க வேண்டியது குடியிருக்குறவங்க கடமையும்தான், பின்னாடி "நீங்க கவனிக்காம விட்டதாலதான் இவ்வளவு ஆச்சு"ன்னு அட்வான்ஸ்ல கைவைக்க முடியாது. இன்னொன்னு, நாங்க வீட்ல இருக்குற நேரம். ஓனரோ அவர் ஆளோ உள்ள வரணும்னா 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லிட்டு வரணும்னு சட்டம் இருக்கு, அது நம்ம நிம்மதிக்கு, ஆனா ரிப்பேர் ஆள் வந்து பூட்டின கதவைப் பார்த்துட்டுத் திரும்பிப் போறது பாதி வீட்ல நடக்குது, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஆபீஸ், அப்புறம் அந்த மேஸ்திரி ஒரு வாரம் போனே எடுக்க மாட்டார். நாமளே நேரத்தைக் கொடுத்து அந்த நேரத்துல வாங்கன்னு எழுதிட்டா அந்தச் சாக்கு யாருக்கும் இல்ல.

ஒழுகலுக்கு போட்டோ மட்டும் பத்தாது, தூரத்துல இருந்து பார்க்குறவருக்கு எல்லாக் கறையும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு பிளம்பர் அண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது, கறையோட ஓரத்தைச் சுத்திப் பென்சிலால ஒரு கோடு போட்டு அதுலயே தேதி எழுதிடுங்க, நாலு நாள் கழிச்சு ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தா இன்னொரு கோடு, இன்னொரு தேதி, அப்புறம் போட்டோ எடுங்க. வட்டத்துக்கு வெளிய வட்டம்னு வளர்றதைப் பார்த்தா எந்த ஓனருக்கும் புரிஞ்சுடும். மேல் வீடு இருந்து, மழை நின்னு பல நாள் ஆன பின்னாடியும் கோடு தாண்டுதுன்னா அது மழைத்தண்ணியா இல்லாம மேல் வீட்டு பாத்ரூம் லைனா இருக்கலாம், அப்ப பேச வேண்டியது நம்ம ஓனர் மேல் வீட்டு ஓனர்கிட்ட, அசோசியேஷன்ல மெம்பர் அவர்தான், நாம நேரா மேல போய் சண்டை போட்டா காரியம் நடக்காது.

ஓனர் கீழ் வீட்லயே இருக்குறாங்கன்னு வைங்க, அங்க மெசேஜ் போட்டா "ஏன், இறங்கி வந்து சொல்லக் கூடாதா, என்னமோ கோர்ட்டுக்குப் போற மாதிரி எழுதுறீங்க"ன்னு அந்தம்மா முகம் மாறிடும், எனக்கும் நடந்திருக்கு. அங்க இறங்கிப் போய் நேர்லயே சொல்லிட்டு, அப்புறம் மேல வந்து "அம்மா, இப்ப சொன்னேன்ல மோட்டார் விஷயம், மறந்துடக் கூடாதுன்னு போட்டு வைக்குறேன், நாளைக்கு மெக்கானிக் வர்றார்னு சொன்னீங்க"ன்னு ஒரு வரி போட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, தேதியும் பதிவாயிடும். அதுக்கும் பதில் வரல, வேலையும் நடக்கல, பிரச்சனை பெருசுன்னா பேப்பர்ல எழுதி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதை எடுத்து வைங்க, வாட்ஸ்அப்பை கோர்ட்ல ஆதாரமா காட்ட வழி இருந்தாலும் அதுக்குத் தனியா சான்றிதழ் அது இதுன்னு இருக்கு, லெட்டர்னா அந்தத் தொல்லை இல்ல.

இவ்வளவும் தெரிஞ்சும் நிறைய பேர் வாய் திறக்குறது இல்ல, காரணம் பயம். ரிப்பேர் கேட்டா வாடகை ஏத்துவாங்க, காலி பண்ணச் சொல்லுவாங்க, பேச்சிலர்னா, தனியா இருக்குற பொண்ணுன்னா, வேற வீடு கிடைக்குறதே குதிரைக் கொம்பு. இந்தப் பயம் பொய் இல்ல, நானும் "லைட்டா"ன்னு சொன்னதுக்குக் காரணம் அதுதான், ஸ்கூல் பக்கத்துல இந்த வாடகைக்கு இன்னொரு வீடு கிடைக்காதுன்னு உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஆனா சட்டப்படி ஓனர் நினைச்ச மாத்திரத்துல வெளிய அனுப்ப முடியாது, சட்டத்துல சொல்லியிருக்குற காரணங்களுக்காக, வாடகை கோர்ட் உத்தரவு வாங்கித்தான் முடியும். தண்ணியை நிறுத்துறது, கரண்ட்டைப் பிடுங்குறது, லிஃப்டை ஆஃப் பண்ணி வைக்குறது இதெல்லாம் அந்த 2017 சட்டத்தோட 20வது பிரிவுல நேரடியாவே தடை, மனு போட்டா உடனே திரும்பக் கொடுங்கன்னு இடைக்கால உத்தரவு வாங்கவும் வழி இருக்கு. இந்தப் பாதுகாப்பெல்லாம் கைல கெட்டியா பிடிபடணும்னா அக்ரிமெண்ட் எழுத்துல இருக்கணும், வாடகை ஆணையத்துல பதிவாகி நம்பர் வாங்கியிருக்கணும், ஆன்லைன்லயே பண்ணலாம். துணை கலெக்டர் ரேங்க்குக்குக் குறையாத அதிகாரிதான் அந்த ஆணையம். முறையா ஒப்பந்தம் போடலங்கிறதையே காரணமா காட்டி ஓனர் காலி பண்ணச் சொல்லி மனு போட முடியும், அதனால "எதுக்குப்பா பதிவு எல்லாம், வாய் வார்த்தை போதாதா"ன்னு சொல்ற ஓனர் எவ்வளவு தங்கமானவரா இருந்தாலும் அதுல மட்டும் விட்டுக் கொடுக்காதீங்க.

எங்க வீட்டுக் கதைக்கு வந்தா, மெசேஜ் போன மறுநாள் காலைல எட்டரைக்கு மேஸ்திரி வந்துட்டார், ஓனர் ராத்திரியே கோயம்புத்தூர்ல இருந்து அவருக்குப் போன் போட்டிருக்கார். தட்டி இறக்கினப்ப இன்னும் ரெண்டு கூடை காங்கிரீட் விழுந்துச்சு. மாடிக்குப் போய்ப் பார்த்தா தண்ணி போற ஓட்டைல வேப்பிலைச் சருகும் ஒரு பழைய ஷாம்பு பாக்கெட்டும் அடைச்சுக்கிட்டு, குளம் மாதிரி தண்ணி நிக்குது, ஆடில இருந்து அங்கதான் நின்னிருக்கு. கம்பியைத் துரு நீக்கித் தேய்ச்சு, துரு தடுக்குற கோட்டிங் அடிச்சு, மருந்து கலந்த கலவை வச்சுப் பூசி, மாடில தளத்துக்கும் வாட்டர் புரூஃப் பண்ணி முடிக்க ஒன்பது நாள் ஆச்சு, செலவு முழுக்க ஓனரோடது, ஒரு வார்த்தை முணுமுணுக்கல அவர். கடைசி நாள் மேஸ்திரி கூடவே நின்னு சுத்திலும் தட்டிப் பார்த்தேன், எல்லா இடமும் கிண்ணுன்னு கேட்டுச்சு, அதையும் வீடியோ எடுத்து "வேலை முடிஞ்சுது சார், ரொம்ப நன்றி, அடுத்த மழை வரைக்கும் பார்த்துட்டுச் சொல்றேன்"னு அனுப்பினேன். கார்த்திகைல ரெண்டு நாள் விடாம பேஞ்சுது, ராத்திரி எழுந்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன், காஞ்சுதான் இருந்துச்சு, காலைல அதையும் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிட்டேன், இப்ப பொண்ணு திரும்ப அந்த ரூம்லதான் படுக்குறா, கட்டிலை மட்டும் அவங்கம்மா இன்னும் ஜன்னல் பக்கம் நகர்த்த விடல.